திருஷ்டிப் பொட்டு எங்கே?

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரகடத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய குமாரன் அங்கே ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்க்கிறான். கூடத்துச் சுவரில், நுழைந்தவுடன் கண்ணில் படும்படியாக, ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. அந்த வீட்டுக் குழந்தையின் முதலாண்டு நிறைவின்போது ஸ்டூடியோவில் எடுத்த படம். கறுப்பு வெள்ளைப் படந்தான். ஆனால் கறுப்பு பேருக்குத்தான் இருந்தது. பின்னணி வெள்ளை, கவுன் வெள்ளை, முகமும் வெள்ளை. பால் பாத்திரத்துக்குள்ளிருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்ப்பது போலிருந்தது.

நாம் மரியாதைக்கு, "பேஷ், நன்றாயிருக்கிறது!" என்று சொல்லி வைத்தோம். உத்திரமேரூரிலிருந்து வந்திருந்த கொள்ளுப்பாட்டியார் இம்மாதிரி மரியாதைகளுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு, "ஏண்டா அப்பா, கன்னத்திலே நான் வைத்த திருஷ்டிப் பொட்டு எங்கே?" என்று பேரனைக் கேட்டார்.

படத்தைச் செப்பனிட்டவர் அதை ஏதோ மாசு என்று எண்ணித் துடைத்துவிட்டார்! பொட்டு மாத்திரமா போயிற்று? குழந்தையின் அழகிய மாநிறமும் கூடவே போய்விட்டது. இப்போது மூன்று வயதாகும் அந்தக் குழந்தையை நாம் தூக்கிப் படத்தைக் காட்டி, "இது யார்?" என்று கேட்டோம். "பாப்பா" என்றது. "நான்" என்று சொல்லவில்லை.

நிழலைக் குறைத்து, எங்கும் வெளிச்சத்தைப் பரப்பி எடுக்கும் இவ்வகைப் படத்துக்கு 'ஹைகீ' என்று பெயர். பின்னணித் திரையின்மேல் முகத்தில் விழுவதைவிட அதிக வெளிச்சத்தைப் பாய்ச்சி அதை வெள்ளையாக்கிவிடுவார்கள். முகத்தின் இரு பக்கங்களிலும் மென்மையான வெளிச்சம் விழும். ஒரு நிலையில் நில்லாத குழந்தைகளுக்கு இது மிகவும் ஏற்றது. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் கெடாது. ஆகவே, முறையின்மேல் நமக்கு ஆக்ஷேபம் கிடையாது. பிறகு நடக்கும் செப்பனிடுதலில்தான் தீங்கு புகுகிறது.

வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பது செப்பனிடுகிறவர் கையிலிருக்கிறது. மனிதருடைய தோல் எந்த நிறமானாலும், சிவப்பு ஒளியையே அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. சிவப்பின் பங்கைக் கூட்டினால் முகம் வெளுத்துவிடும். கம்ப்யூட்டரில் இது ஒரு விநாடி வேலை.

ஆனால் வெளுக்கும் ஆசை கம்ப்யூட்டருக்கு முந்தியது. ஆதி காலத்துக் கண்ணாடித் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளியையே உணர்ந்தன. ஆதலால் நம்மவர் முகம் உள்ளதைவிடக் கறுத்து விழுந்தது. அதைச் சரிப்படுத்த ஸ்டூடியோக்காரர்கள் நெகடிவின்மேல் கூரிய பென்சிலால் தீற்றினார்கள். நெகடிவில் கறுத்தது படத்தில் வெளுக்குமல்லவா? எல்லா நிறங்களையும் உணரும் 'பாங்க்ரோமாடிக்' தகடு 1906-ல் விற்பனைக்கு வந்தது. தகட்டின் குறை தீர்ந்தது. பென்சில் மட்டும் கையை விட்டுப் போகவில்லை!

மேல்நாட்டிலும் கதை இதுவே. கோடக் கம்பெனியார் வண்ணப் படங்களைச் சரிபார்க்க வைத்திருந்த அட்டையில் வெகு காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் உருவமே இருந்தது. சாக்லேட் வியாபாரிகளும் மரச்சாமான் வியாபாரிகளும் தங்கள் சரக்கின் நிறபேதம் தெரியவில்லை என்று முறையிட்ட பிறகே, கருமையான சாயல்களைக் காட்டும்படி பிலிம் திருந்தியதாக, இதை ஆராய்ந்த லோர்னா ராத் அம்மையார் எழுதியிருக்கிறார். மனிதர் முகத்துக்குக் கிடைக்காத நியாயம் மிட்டாய்க்குக் கிடைத்தது!

2019-ல் ஆப்பிள் கம்பெனியார் தங்கள் ஐபோனில் 'ஹைகீ லைட் மோனோ' என்ற வசதியைச் சேர்த்தார்கள். விரலால் தொட்டால் பின்னணி வெள்ளையாகி, உருவம் கறுப்பு வெள்ளையாகிவிடும். அதே வருஷத்தில்தான் ஒரகடத்துக்கு அருகிலேயே, ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் எக்ஸ்ஆர் தயாராகத் தொடங்கியது. நம் ஜில்லாக்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் எத்தனையோ இளம் பெண்களின் கைகள் அங்கே வேலை செய்கின்றன. கருவி நம் ஊரில் ஆனது என்று நாம் பெருமைப்படலாம். அதைக் கொண்டு பார்க்கிற கண்ணும் நம்முடையதாயிருக்க வேண்டாமா?

நேயர்களுக்கு ஒரு வார்த்தை. படத்தில் கருமைக்கு 0, தூய வெள்ளைக்கு 255 என்று கணக்கு. பின்னணி 255-ஐத் தொடட்டும். நெற்றியும் மூக்கு நுனியும் அதற்குக் கீழேயே நிற்கட்டும்; தொட்டுவிட்டால் அங்கே தோல் இராது, வெறுங் காகிதந்தான் இருக்கும். கண்மணியும் இமை மயிரும் 0-க்கு அருகிலேயே இருக்கவேண்டும். முகத்தைத் தனியே பிரித்து வைத்துக்கொண்டு, பின்னணியை மாத்திரம் வெளுக்கச் சொல்லுங்கள். வண்ணப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள். மச்சம், தழும்பு, பொட்டு எதையும் கேளாமல் துடைக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நல்ல வேளையாக, செப்பனிடாத மூலப் படம் நண்பரின் குமாரனிடம் இருந்தது. அன்று மாலையே உட்கார்ந்து, சிவப்பின் பங்கைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்தான். பின்னணி வெள்ளையாகவே நிற்க, குழந்தையின் கன்னம் மெல்லத் திரும்பி வந்தது. கன்னத்தின்மேல் பொட்டும் வந்தது. பாட்டியார் மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இப்போதுதான் திருஷ்டி படும். குழந்தைக்குச் சுற்றிப் போடுங்கள்" என்று சொல்லி, உப்பும் மிளகாயும் எடுத்துவர உள்ளே போனார்.