ஒரு கிண்ணம் சாம்பார்

சென்ற பருவத்தில் எங்கள் விடுதியில் பலர் வயிற்றுப்போக்கால் படுத்தோம். சாம்பார்மீது பழி போட்டவர் சிலர். தண்ணீர்மீது போட்டவர் சிலர். விடிவதற்குள் அண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டார்கள். சுத்தம் நல்லதுதான், ஆனால் சாட்சியும் சாக்கடைக்குப் போயிற்று!

தென்னாப்பிரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 2017, 2018 ஆண்டுகளில் லிஸ்டீரியா என்னும் கிருமியால் 1,060 பேர் நோயுற்றனர்; 216 பேர் மாண்டனர். நோயாளிகளிடம் கண்ட கிருமிகளின் டி.என்.ஏ. எழுத்துக்களை வரிசையாகப் படித்ததில், பத்துக்கு ஒன்பது ஒரே வம்சம் என்று தெரிந்தது. அப்படியானால் ஊற்றும் ஒன்றாகவே இருக்கவேண்டும். எங்கே? 2018 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு மழலையர் பள்ளிக் குழந்தைகள் வயிற்றுக் கோளாறுடன் மருத்துவமனைக்கு வந்தனர். மலத்தைச் சோதித்ததோடு நிற்காமல், பள்ளியின் குளிர்ப்பெட்டியிலிருந்த பொலோனி என்ற இறைச்சிப் பண்டத்தையும் சோதித்தார்கள். அதைப் பற்றிக்கொண்டு போனபோது, தொழிற்சாலையிலே அதே வம்சக் கிருமி அகப்பட்டது. அந்தப் பொலோனியை முன்னதாகவே குப்பையில் எறிந்திருந்தால்?

ஒப்பிட ஒன்றுமில்லாதபோது எந்த நவீனக் கருவியும் ஊமைதான். வேளைக்கு வேளை ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கிண்ணம் எடுத்து மூடி, மூன்று நாள் குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும் என்கிறேன். செலவாகுமாம்! ஒரு கிண்ணம் சாம்பாருக்கா? அடுத்த மெஸ் கமிட்டிக் கூட்டத்தில் நான் இதைப் பிரேரேபிக்கப் போகிறேன். வழிமொழிய யார் வருகிறீர்கள், நண்பர்களே?