மனவரைபடமும் அலுவலகக் குறிப்பேடும்

கல்லூரிப் படிப்பை முடித்துப் பணியிடம் சேரும் நம் பட்டதாரிகளுள் பலர், அங்கு நிகழும் முதற் கூட்டத்திலேயே ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றனர். பதினைந்து ஆண்டுகளாக ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிப் பழகிய கை, மேலாளர் பேசுவதையும் அவ்வாறே எழுத முற்படுகிறது. ஆயின், அலுவலகத்தில் எவரும் எழுதுவோரின் வேகத்திற்கு ஏற்ப நிறுத்திப் பேசுவதில்லை. ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் இடைமறிப்பார். மூன்றாமவர் முற்றிலும் வேறொன்றை எடுப்பார். அரைமணி கழித்து முதற்பொருளே மீண்டும் வரும். குறிப்பேட்டில் ஆறு பக்கங்கள் நிரம்பியிருக்கும். என்ன முடிவாயிற்று என்று வினவினால் விடை கூறுதல் அரிது.

மனவரைபடம் என்னும் குறிப்பு முறையைப் பணிக்குச் செல்லும் முன்னரே மாணவர் கற்றுக்கொள்ளுதல் நன்று என்பது என் கருத்து. இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி புசான் (1942-2019), 1974ஆம் ஆண்டில் பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வாயிலாக இம்முறையைப் பலரறியச் செய்தார். தாளைக் கிடைமட்டமாக வைத்து, பேசுபொருளை நடுவில் எழுதியோ வரைந்தோ தொடங்க வேண்டும். அதிலிருந்து தடித்த கிளைகளும், அவற்றிலிருந்து மெல்லிய கிளைகளும் பிரியும். ஒரு கோட்டின் மேல் ஒரு சொல். கிளைக்கு ஒரு வண்ணம். முறை இவ்வளவே.

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்கூடத்தில், ஏற்றுமதிச் சரக்கு காலந்தாழ்ந்தது பற்றிக் கூட்டம் நடப்பதாகக் கொள்வோம். நடுவில் ‘தாமதம்’ என்று எழுதுகிறோம். தோல், தையல், கப்பல், பணம் என நான்கு கிளைகள். தோல் பதனிடுமிடத்தில் வண்ணம் மாறுபட்டதாகக் கொள்முதல் அலுவலர் கூறுவது முதற்கிளையில் அமர்கிறது. தையல் பிரிவில் மிகைநேரக் கூலி ஏறிவிட்டதென மேற்பார்வையாளர் கூறுவது இரண்டாவதில் அமர்கிறது. அரைமணி கழித்துக் கணக்கர், இம்மாதக் கூலிச் செலவு ஏன் உயர்ந்தது என்கிறார். வரிவரியாக எழுதியவருக்கு இது நான்காம் பக்கத்துச் செய்தி. முதற்பக்கத்துத் தோலோடு இதற்குத் தொடர்பிருப்பது கண்ணில் படாது. வரைபடம் இட்டவரோ, தோலிலிருந்து தையலுக்கும், தையலிலிருந்து பணத்திற்கும் அம்புக்குறி இழுத்துவிடுகிறார். கூலி ஏறியதற்குக் காரணம் தையற்காரர் அல்லர், காலந்தாழ்ந்து வந்த தோலே என்பது அந்த ஒரு தாளிலேயே புலப்படுகிறது. ஓர் எளிய தொழிலாளியின் மீது வீண்பழி விழாமற்போவதற்கும் இத்தகைய குறிப்பு உதவக்கூடும்.

இங்கு வண்ணமோ படமோ பெரிதன்று. எது கிளை, எது இலை என்பதைக் கேட்கும்பொழுதே தீர்மானிக்க வேண்டியிருக்கிறதே, அதுவே பெரிது. சொல்வதை எழுதும் வகுப்பறையில் இத்தீர்மானத்தை ஆசிரியரே செய்துவிடுகிறார். மாணவரின் கைக்கு மட்டுமே வேலை. பேராசிரியப் பெருமக்கள் என்னைப் பொறுத்தருள்க.

‘இது மேனாட்டார் புதுமை’ என்று முதியோர் சிலர் ஒதுக்கலாம். கிளைத்துக் காட்டுதல் நமக்குப் புதிதன்று. எழுத்தை முதலெழுத்து, சார்பெழுத்து என்றும், முதலெழுத்தை உயிர், மெய் என்றும், மெய்யை வல்லினம், மெல்லினம், இடையினம் என்றும் பகுத்துக் கற்றவர் நாம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. இலக்கணத்தின் கிளைகள் ஆராய்ந்து முடிந்த அறிவின் வடிவம். கூட்டத்தில் இடும் கிளைகளோ முடிவு தெரியாத பேச்சினூடே வளர்பவை. கோணலாகவும் போகும், வெட்டியும் ஒட்டப்படும். அழகாக வரவில்லையே என வருந்துவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

தமிழில் வரைவோர்க்கு ஒரு சிறு தொல்லை உண்டு. நம் சொற்கள் வேற்றுமை உருபையும் வினைமுடிபையும் ஏற்று நீளுபவை. ‘ஒப்படைக்கப்படாதவற்றிற்காக’ என்பதும் ஒரு சொல்தான். அதை மெல்லிய கிளையொன்றின் மேல் எழுதிப் பார்ப்பவர்க்கு என் துன்பம் விளங்கும். ஆதலின் உருபுகளைக் களைந்து, ‘நிலுவை’ போன்ற பெயர்ச்சொல்லைத் தேர்ந்திடுதல் வேண்டும். அத்தேர்வு தமிழ் மாணவர்க்கு ஒரு மொழிப்பயிற்சியும் ஆகும்.

எல்லாவற்றிற்கும் இதுவே என்று வாதிடுவது என் நோக்கமன்று. கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எனப்படும் அலுவலக ஆவணம் வரிவடிவிலேயே இருத்தல் வேண்டும். யார் எதற்கு இசைந்தார், எந்நாளில் முடிப்பதாக ஏற்றார் என்பது நாளை வழக்கு வந்தால் அம்பும் வண்ணமுமாக நிற்க இயலாது. மேலும், ஒருவர் இட்ட வரைபடத்தை அக்கூட்டத்திற்கு வாராத மற்றொருவர் படித்துணர்தல் கடினம். எனவே வரைபடத்தைத் தமக்காக வைத்துக்கொண்டு, அன்று மாலைக்குள் அதிலிருந்து ஆவணத்தை எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் கழிந்தால் ‘தோல்’ என்ற சொல் எதனைக் குறித்தது என்பது எழுதியவருக்கே ஐயமாகிவிடும்.

இம்முறையின் பயன் பற்றிய மிகையுரைகள் பல. 2002இல் வெளிவந்த ஆங்கிலேய ஆய்வொன்று ஐம்பது மருத்துவ மாணவர்களிடம் இதனைச் சோதித்தது. ஒரு வாரத்திற்குப் பின்னும் நினைவில் நின்ற செய்திகள், மனவரைபடம் இட்டவர்களிடம் ஏறத்தாழ 10 விழுக்காடு மிகுதியாயிருந்தன. ஆனால் அவர்களுக்கு இம்முறையில் ஆர்வம் குறைவாயிருந்ததும் அவ்வாய்விலேயே பதிவாகியுள்ளது. பழகிய வழியை விடுவது எவருக்கும் உவப்பன்று. பணியில் சேர்ந்து, மேலாளர் எதிரில், முதன்முறையாக இதை முயல்வோர் இரண்டாம் நாளே கைவிடுவர். வண்ணப் பேனாக்களைக் கண்டு உடனிருப்போர் நகைத்தலும் கூடும்.

அதனாலேயே கல்லூரியில் இது தொடங்கப்பெறல் வேண்டும் என்கிறேன். பாடத்திட்டத்திலோ வினாத்தாளிலோ இதற்கு இடம் தேட வேண்டா. வாரத்தில் ஒரு பாடவேளையில் ஆசிரியர் குறிப்புச் சொல்லாது பேசட்டும். மாணவர் ஒரே தாளில் வரையட்டும். மறுநாள் அத்தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எழுந்து அப்பாடத்தை எடுத்துரைக்கட்டும். கணினியிலும் கைபேசியிலும் இதற்கான மென்பொருள்கள் உள்ளன. அவற்றைப் பின்னர் பழகலாம். முதற்பருவத்திற்கு வெள்ளைத்தாளும் இரண்டு மூன்று வண்ணப் பேனாக்களும் போதும்.