சிரிப்பு இளைப்பாறல் அல்ல

ஜனவரி 27 நெருங்கினாலே திரைப்படப் பட்டியல்கள் வரத் தொடங்கிவிடும். 1945இல் அந்த நாளில்தான் சோவியத் படை ஆஷ்விட்ஸ் முகாமுக்குள் நுழைந்தது. 2005இல் ஐ.நா. பொதுச்சபை அதை யூத இனப்படுகொலையின் நினைவு நாளாக அறிவித்தது. அதையொட்டி, பார்க்க வேண்டிய படங்கள் என்று இந்த வாரமும் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ராபர்டோ பெனினியின் ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ வழக்கம்போல முன்வரிசையில் இருக்கிறது. இவ்வளவு கொடூரமான விஷயத்தையும் மனம் கனக்காமல் பார்க்க வைத்துவிடுகிறது என்ற பாராட்டும் மாறவே இல்லை. எனக்கு எரிச்சல் மூட்டியது அந்தப் பாராட்டுதான். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இது புதிதல்ல. நகைச்சுவையை இளைப்பாறலாக மட்டும் பார்க்கும் ரசனையோடு எனக்கு இருக்கும் சண்டை பழையது. கதையை ஒருவர் எழுத, காமெடி டிராக்கை இன்னொருவர் தனியாக எழுதி இடையிடையே செருகும் வழக்கம் நம் சினிமாவில் பல பத்தாண்டுகள் நீடித்தது. அதில் பழகிய நமக்கு, அழ வைக்கும் காட்சி முடிந்ததும் மூச்சு விட ஒரு சிரிப்பு வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. குடும்பக் கதைக்கு அது போதும். லட்சக்கணக்கானோரைக் கொன்ற வரலாற்றை எடுத்துக்கொண்ட படத்தில் நமக்கு மூச்சு விட இடம் தருவதே சிரிப்பின் வேலை என்றால், அந்த இடம் யாருடைய செலவில் கிடைக்கிறது என்று கேட்டாக வேண்டும்.

பெனினிக்கு உரியதை முதலில் கொடுத்துவிட வேண்டும். 1997இல் வந்த அந்தப் படத்தின் முதல் பாதி அபாரமானது. முசோலினியின் இத்தாலி இனவெறிச் சட்டங்களைக் கொண்டுவந்தது 1938இல். படத்தின் நாயகன் கீடோ யூதன். அவன் அரசாங்க ஆய்வாளர் போல நடித்து ஒரு பள்ளிக்குள் நுழைகிறான். ஆரிய இனத்தின் மேன்மையை மாணவர்களுக்கு விளக்கும்படி ஆசிரியர்கள் கேட்க, மேசைமேல் ஏறித் தன் காது மடலையும் தொப்புளையும் காட்டி, இதைவிட அழகான இனம் உண்டா என்று பேசுகிறான். நாம் சிரிக்கிறோம், அந்தச் சிரிப்பிலேயே இன அறிவியல் என்று சொல்லப்பட்டது எத்தனை வெறுமையான பேச்சு என்பதும், படித்தவர்கள் அதை எவ்வளவு பணிவோடு கேட்டுக்கொண்டார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது. சிரிப்பு இங்கே ஒரு பொய்யைத் திறந்து காட்டுகிறது.

இரண்டாம் பாதியில் அதே சிரிப்பு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. கீடோவையும் அவன் சிறுவயது மகனையும் முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். ஜெர்மானிய அதிகாரி ஒருவர் விதிகளைக் கத்திச் சொல்ல, ஜெர்மன் தெரியாத கீடோ தானே மொழிபெயர்ப்பதாக முன்வந்து, மகன் பயப்படாமலிருக்க, இது ஒரு விளையாட்டு, ஆயிரம் புள்ளி எடுத்தால் டாங்கி பரிசு என்று சொல்கிறான். உலகம் முழுக்கக் கைதட்டல் வாங்கிய காட்சி அது. அதே கொட்டகையில் நிற்கும் மற்ற கைதிகளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கும் ஜெர்மன் தெரியாது. ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட இத்தாலிய எழுத்தாளர் பிரிமோ லெவி, தன்னோடு வந்த இத்தாலியரில் பெரும்பாலோர் முதல் சில வாரங்களிலேயே செத்ததற்கு, அங்கே கத்திச் சொல்லப்பட்ட கட்டளைகள் புரியாமல் போனதையும் ஒரு முக்கியக் காரணமாக எழுதியிருக்கிறார். அப்படியென்றால் கீடோவின் விளையாட்டு மற்றவர்களின் உயிரோடு ஆடிய விளையாட்டு. படம் அதைக் கவனிப்பதே இல்லை. வேலைக்கு உதவாத குழந்தைகளை வந்திறங்கிய அன்றே கொன்ற இடங்களில் ஒரு சிறுவனை ஒளித்து வைத்திருக்க முடிவதற்காக, முகாமையே தளர்த்திக் காட்ட வேண்டியிருக்கிறது. இது ஒரு நீதிக்கதைதான் என்று படமே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறது என்பார்கள். நீதிக்கதைக்கும் தன் நீதிக்குப் பொறுப்பு உண்டு. சிரிப்பு நடக்க உண்மை விலகிக்கொள்ள வேண்டியிருந்தால், அந்தச் சிரிப்பு திரைச்சீலை.

இதற்கான பதிலை அந்தப் படத்துக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் படமாக எடுத்துவிட்டார் என்பதால் பெனினியை இங்கேயே விட்டுவிட்டு அவரிடம் போகிறேன். எர்னஸ்ட் லூபிட்ச் 1892இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1920களின் தொடக்கத்தில் ஹாலிவுட்டுக்குப் போனவர். 1940இல் நாஜிகள் எடுத்த ‘நித்திய யூதன்’ என்ற வெறுப்புப் படத்தில் அவருடைய முகத்தையே உதாரணமாகக் காட்டினார்கள். 1941இன் கடைசி மாதங்களில், போலந்து நாஜிகளின் பிடியில் இருந்தபோதே, வார்சாவின் ஒரு நாடகக் குழுவைப் பற்றி அவர் எடுத்த நகைச்சுவைப் படம் ‘டு பி ஆர் நாட் டு பி’. கதாநாயகி கரோல் லொம்பார்ட் படம் வெளிவருவதற்கு முன்பே, 1942 ஜனவரி 16 அன்று, விமான விபத்தில் இறந்தார். நான்கு நாள் கழித்து பெர்லினின் வான்சே மாளிகையில் நாஜி அதிகாரிகள் கூடி, ஐரோப்பிய யூதர்கள் அனைவரையும் அழிக்கும் வேலையை யார் யார் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று பேசினார்கள். அந்த வாரங்களில் திரைக்கு வந்த படம் இது. துயரத்தைப் பற்றிச் சிரிக்கக் காலம் ஆற வேண்டும் என்ற வாதத்துக்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

படத்தில் அந்தக் குழு ‘கெஸ்டபோ’ என்ற நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறது. ஹிட்லருக்குக் கோபம் வரக்கூடாது என்று போலந்து அரசே அதைத் தடுத்துவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ மேடையேறுகிறது. கொஞ்ச நாளில் போர். நாடகத்துக்காகத் தைத்த நாஜிச் சீருடைகள் இப்போது உயிர் காக்கும் உடைகளாகின்றன. குழுவின் முதன்மை நடிகன் யோசப் டூரா, வார்சாவின் எதிர்ப்பு இயக்கத்தைக் காட்டிக்கொடுக்க வந்த உளவாளிப் பேராசிரியர் சிலெட்ஸ்கியை ஏமாற்ற, கெஸ்டபோ கர்னல் எர்ஹார்ட்டாக வேஷம் போடுகிறான். லண்டனில் உங்களை வதைமுகாம் எர்ஹார்ட் என்கிறார்கள் என்று பேராசிரியர் சொன்னதும், டூரா பெருமிதத்தோடு சிரிக்கிறான். வேறு வசனம் தோன்றாமல் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பேச்சை இழுக்கிறான். மட்டமான நடிப்பு என்று நாம் நினைக்கிறோம். பிறகு டூரா பேராசிரியராக வேஷமிட்டு உண்மையான எர்ஹார்ட்டைச் சந்தித்து அதே செய்தியைச் சொல்லும்போது, எர்ஹார்ட் அப்படியே, அதே வார்த்தைகளோடு, அதே பெருமிதத்தோடு சிரிக்கிறான். மட்டமான நடிகன் கற்பனை செய்ததும் நிஜமும் அச்சு மாறாமல் ஒன்றாக இருக்கின்றன. வதைமுகாம் என்ற சொல்லைப் பட்டமாகச் சூடிக்கொள்ளும் மனம் எது என்று அந்த இரண்டு சிரிப்பும் காட்டிவிடுகின்றன.

இன்னொரு காட்சியையும் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். உண்மையான பேராசிரியர் கொல்லப்பட்டுவிட்டார். பிணம் கெஸ்டபோ கையில் கிடைத்துவிட்டது. போலிப் பேராசிரியரான டூராவை அந்தப் பிணம் இருக்கும் அறையில் எர்ஹார்ட் தனியே விடுகிறான். டூரா ஒரு சவரக்கத்தியைப் பார்க்கிறான். பிணத்தின் தாடியை மழித்துவிட்டு, தன் சட்டைப்பையில் மாற்றாக வைத்திருந்த ஒட்டுத்தாடியை அந்த முகத்தில் ஒட்டுகிறான். பிறகு எர்ஹார்ட்டை அழைத்து, அவன் கையாலேயே அதை இழுத்துப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவருகிறான். தாடி கையோடு வருகிறது. சந்தேகப்பட்டதற்காக எர்ஹார்ட் கூனிக் குறுகி மன்னிப்புக் கேட்கிறான். தவறு எதுவானாலும் அடுத்த நொடி அவன் வாயில் வருவது உதவியாளன் ஷூல்ட்ஸின் பெயர். மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம் அவனை ஆட்டுகிறது. அந்தப் பயத்தைக் கீழே இருப்பவன்மேல் இறக்கிவிடுகிறான். படத்தின் கடைசியில் ஹிட்லர் வேஷம் போட்ட நடிகன் விமானத்துக்குள் வந்து குதியுங்கள் என்றதும் இரண்டு விமானிகள் பாராசூட் இல்லாமலே குதித்துவிடுகிறார்கள். சிரிப்புக்காக லூபிட்ச் நாஜி அமைப்பை எங்கும் தளர்த்தவில்லை. சீருடையைக் கண்டால் பணிவது, மேலதிகாரியிடம் நடுங்குவது, யோசிக்காமல் கீழ்ப்படிவது ஆகியவை அப்படியே இருந்தால்தான் அந்த வேடிக்கைகள் நடக்கவே முடியும். பெனினியின் சிரிப்புக்கு முகாம் பொய்யாக வேண்டியிருந்தது. லூபிட்சின் சிரிப்புக்கு அமைப்பு உண்மையாக இருந்தாக வேண்டியிருந்தது. என் வாதம் முழுக்க இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

படம் வந்தபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் பாஸ்லி கிரௌதர் கடுமையாகத் தாக்கினார். குறிப்பாக, டூரா ஷேக்ஸ்பியரைப் படுத்திய பாட்டையும் போலந்தை நாஜிகள் படுத்தும் பாட்டையும் எர்ஹார்ட் ஒன்றாக வைத்துப் பேசும் வசனம் பலரைப் புண்படுத்தியது. அதை வெட்டிவிடச் சொல்லி நண்பர்களே கேட்டும் லூபிட்ச் மறுத்தார். 1942 மார்ச்சில் அதே நாளிதழில் அவர் எழுதிய பதில், இந்தப் பொருளில் நான் படித்தவற்றில் மிகத் தெளிவானது. சோகக் கதைக்கு நடுவே இளைப்பாறச் சிரிப்பு, சிரிப்புக் கதைக்கு நடுவே இளைப்பாறச் சோகம் என்ற இரண்டு வாய்ப்பாடுகளும் தனக்குச் சலித்துவிட்டன என்றும், யாருக்கும் எந்த நேரத்திலும் இளைப்பாறல் தராத படத்தையே எடுக்க விரும்பியதாகவும் அவர் விளக்கினார். நாஜிகளைச் சாட்டையோடு காட்டாததற்கும் காரணம் சொன்னார்: அடிப்பதும் வதைப்பதும் அவர்களுக்கு அன்றாட அலுவலாகிவிட்டது, கடைக்காரர் தன் விற்பனையைப் பற்றிப் பேசுவதுபோல அதைப் பேசுகிறார்கள் என்றார். கொலை அலுவலக வேலையாக மாறியதை, அது நடந்துகொண்டிருந்தபோதே ஒரு நகைச்சுவை இயக்குநர் கண்டுகொண்டிருக்கிறார்.

சாப்ளினே வருந்தினாரே என்று கேட்கலாம். ‘தி கிரேட் டிக்டேட்டர்’ 1940இல் வந்தது. வதைமுகாம்களில் உண்மையில் நடந்தது அப்போது தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று 1964இல் வெளியான தன் வரலாற்று நூலில் அவர் சொன்னார். அந்த வார்த்தையை மதிக்க வேண்டும். அது எதைச் சுட்டுகிறது என்றும் பார்க்க வேண்டும். உலக உருண்டையை பலூனாகத் தட்டி விளையாடும் சர்வாதிகாரி இன்றும் பொய்யாகவில்லை. அதிகார ஆசையின் சிறுபிள்ளைத்தனம் அதில் அப்படியே இருக்கிறது. பழசாகித் தெரிவது அதே படத்தின் முகாம் காட்சிகள்தான். கொல்லும் நொடியில் வேடிக்கை இல்லை. கொல்லும் அதிகாரத்தைக் கட்டி எழுப்பிய வீம்பிலும் பயத்திலும் உண்டு. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலிலும் அழுகையை அடுத்ததாகவும் வைத்து, நகை பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலோடு பேதைமையையும் மடனையும் சேர்க்கிறது. எர்ஹார்ட்டைப் பார்த்து வரும் சிரிப்பு அவனுடைய மடமையிலிருந்து பிறப்பது. செத்தவர்கள் அந்தச் சிரிப்பின் எல்லைக்குள் வருவதே இல்லை.

பாதிக்கப்பட்டவர்களின் கண்ணியம் என்ன ஆவது என்பது இன்னும் கனமான கேள்வி. வார்சாவின் யூதக் கெட்டோவில் இமானுவேல் ரிங்கல்ப்ளூமும் நண்பர்களும் ரகசியமாக ஆவணங்கள் திரட்டிப் பால்கேன்களிலும் தகரப் பெட்டிகளிலும் புதைத்து வைத்தார்கள். பட்டினியையும் சாவையும் பதிவு செய்த ரிங்கல்ப்ளூமின் குறிப்புகளில், அங்கே அன்றாடம் உலவிய ஹிட்லர் நகைச்சுவைத் துணுக்குகளும் இருக்கின்றன. உள்ளே இருந்தவர்கள் சிரிக்கலாம், வெளியே இருப்பவர்கள் கூடாது என்று இதற்குப் பதில் சொல்வார்கள். பிறப்பை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. சிரிப்பு யாரை நோக்கிப் போகிறது, எதைத் தெரிந்துகொண்டு போகிறது என்பதே அளவுகோல். லூபிட்சின் படத்தில் சின்ன வேடங்களிலேயே காலம் தள்ளும் நடிகன் கிரீன்பெர்க். ஷேக்ஸ்பியரின் யூதப் பாத்திரமான ஷைலக்காக ஒருநாளாவது மேடையேற வேண்டும் என்பது அவன் ஆசை. வேடம் கட்டியவர் ஜெர்மனியை 1933இல் விட்டு வெளியேறிய யூத நடிகர் பெலிக்ஸ் பிரெஸ்ஸார்ட். ஷைலக்கின் புகழ்பெற்ற பேச்சை அவன் மூன்று முறை பேசுகிறான்: ஆசையில் ஒருமுறை, இடிந்த வார்சாவின் பனியில் ஒருமுறை, நாஜிகளுக்கு நடுவே உயிரைப் பணயம் வைத்து ஒருமுறை. நகைச்சுவைப் படம் அவனைப் பார்த்து ஒருமுறையும் சிரிக்கச் சொல்வதில்லை.

இந்த அளவுகோல் பிற்காலப் படங்களுக்கும் பொருந்துகிறது. 1953 மார்ச் 1 அன்று ஸ்டாலின் தன் குன்ட்செவோ மாளிகையில் பக்கவாதத்தில் விழுந்தார். கூப்பிடாமல் உள்ளே போகக் காவலர்களுக்குப் பயம், இரவில்தான் கண்டார்கள். மருத்துவர்கள் வந்தது மறுநாள் காலையில். மருத்துவர் சதி என்ற பொய்க் குற்றச்சாட்டில் நாட்டின் சிறந்த மருத்துவர்கள் பலர் அப்போது சிறையில் இருந்தார்கள். மார்ச் 5 அன்று அவர் இறந்தார். அர்மாண்டோ இயானூச்சியின் ‘தி டெத் ஆஃப் ஸ்டாலின்’ மாதங்களை நாட்களாகச் சுருக்குகிறது. ஆனால் தான் விதைத்த பயத்தாலேயே உதவியின்றிக் கிடந்த மனிதர் என்ற மையத்தை அது கற்பனையால் உருவாக்க வேண்டியிருக்கவில்லை. 2018 ஜனவரியில், வெளியாக ஓரிரு நாளே இருந்தபோது, ரஷ்யா அந்தப் படத்துக்குத் தந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. அறுபத்தைந்து ஆண்டு கழிந்தும் அந்தச் சிரிப்பு ஓர் அரசாங்கத்தைத் தொட்டிருக்கிறது.

கண்ணீர் மட்டும் வரவழைக்கும் படங்கள் நமக்குத் தேவை. அவை செத்தவர்களிடம் நம்மை அழைத்துப்போகின்றன. கொன்றவர்களை மட்டும் அவை பெரும்பாலும் நம்மிலிருந்து வெகுதூரத்தில், வேற்று இனப் பிராணிகளைப் போல நிறுத்திவிடுகின்றன. எர்ஹார்ட் அப்படி இல்லை. மேலதிகாரியின் தொலைபேசி வந்தால் எழுந்து நிற்பதும், பிழையை ஷூல்ட்ஸ் தலையில் கட்டுவதும், பட்டப்பெயர் கேட்டுப் பூரிப்பதும் எந்த ஊர் அலுவலகத்திலும் காணக் கிடைக்கும் குணங்கள். அவற்றின் கையில் துப்பாக்கியும் சட்டமும் சேரும்போது என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நல்ல நகைச்சுவை தேவைப்படுகிறது. அடுத்த ஆண்டு பட்டியல் போடுபவர்கள், மனம் கனக்காமல் பார்க்கலாம் என்ற பரிந்துரையை விட்டுவிட்டு, சிரித்து முடித்தபின் அந்தக் கொடுமை எப்படி நடந்தது என்று முன்பைவிட அதிகம் தெரிகிறதா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் படங்களைத் தேர்ந்தெடுக்கட்டும். அந்தக் கேள்வியில் 1942ஆம் ஆண்டுப் படம் முதலிடத்துக்கு வரும்.