செத்த பிறகுமா ஜாதி?

போலந்து தேசத்தில் காசிமியெர்ஸ் டோல்னி என்றொரு ஊர். அங்கே நாஜிகள் யூதர்களைக் கொன்றதோடு நில்லாமல், யூத இடுகாட்டுக் கற்களையும் பெயர்த்து, தங்கள் ரகசியப் போலீஸ் காரியாலய முற்றத்தில் பாவி மிதித்தார்கள். 1984-ல் அக்கற்களை மீட்டு, அவ்விடுகாட்டிலேயே நடுவில் பிளந்த சுவராக எழுப்பி, மாண்டவர்க்கு நினைவுச் சின்னமாக்கினார்கள். பிறவியிலேயே தாழ்ந்தவன் என்ற எண்ணந்தான் 60 லக்ஷம் யூதரை விழுங்கிற்று.

நமது யோக்கியதை என்ன? 2019 ஆகஸ்டில், அப்போதைய வேலூர் ஜில்லா வாணியம்பாடி அருகே, ஜாதி இந்துக்கள் தங்கள் நிலத்தில் வழி விடாததால், ஆதிதிராவிடர் ஒருவரின் பிணத்தைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அவர்கள் பதனிட்ட தோல் நம் காலுக்குச் செருப்பாகலாம். அவர்கள் பிணம் மட்டும் நம் வயலோரம் வரக்கூடாதாம்!

யூதருக்காகக் கண்ணீர் விடுமுன், உங்கள் ஊரில் சுடுகாடு எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டென்றால் ஒன்றாக்குங்கள்.