வேலைநிறுத்தம் முடிந்தது, மனக்குறை முடிந்ததா?

2025 ஆகஸ்ட் 17ஆம் திகதி ஆரம்பித்த தபால் ஊழியர்களின் பணிப்பகிஷ்கரிப்பு, 24ஆம் திகதி அமைச்சர் நளிந்த ஜயதிஸ்ஸவுடனான பேச்சுவார்த்தையின் பின் கைவிடப்பட்டது. முன்வைக்கப்பட்ட கோரிக்கைகள் 19. அவற்றுள் தலையாயவை இரண்டு. ஒன்று மேலதிக நேரக் கொடுப்பனவு. மற்றையது கைவிரல் அடையாளம் மூலம் வரவைப் பதியும் முறை. இவ்விரண்டிலும் விட்டுக்கொடுக்க முடியாது என்பதே அரசின் நிலைப்பாடாக இருந்தது. எதற்காக வெளியேறினார்களோ அது கிடைக்காமலே ஊழியர்கள் கடமைக்குத் திரும்ப நேர்ந்தது.

"நமக்கென்ன, வட்ஸ்அப் இருக்கிறதே" என்று புத்தளத்து வியாபாரி சொல்லிவிட முடியாது. வங்கியின் எச்சரிக்கைக் கடிதம், நீதிமன்ற அறிவித்தல், இறைவரித் திணைக்களத்தின் கடிதம் எல்லாம் இன்னும் தபாலில்தான் வருகின்றன. கடிதத்தில் குறித்த திகதி தபால்காரருக்காகக் காத்திருப்பதில்லை. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கு குடியேறியவர்களுக்கு, மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள காணி பற்றிய கடிதம் ஒரு வாரம் தாமதிப்பது சிறிய விடயமல்ல. 2022 ஆகஸ்டில் சாதாரண கடிதத்தின் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தது. கூடுதல் கட்டணம் செலுத்துகிறவன் ஒழுங்கான சேவையை எதிர்பார்ப்பது நியாயமே. கைவிரல் அடையாளத்தை எதிர்ப்பதில் எமக்கும் உடன்பாடில்லை. வேலை செய்த நேரத்துக்குச் சம்பளம் கேட்பவர் அந்த நேரம் பதியப்படுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் பிரச்சினை அத்துடன் முடியவில்லை. 2018 ஜூனிலும் ஆட்சேர்ப்பு, பதவியுயர்வு தொடர்பாக இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தபால் சேவை முடங்கியது. அப்போது தபால் அமைச்சராக இருந்தவர் எமது சமூகத்தைச் சேர்ந்த எம்.எச்.ஏ. ஹலீம். அமைச்சர்கள் மாறினாலும், அரசாங்கங்கள் மாறினாலும், மேசையில் தீர்ந்த பிணக்கு தபாலகத்தில் தீர்வதில்லை.

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. அமெரிக்கத் தபால்காரர் சங்கத்தின் தலைமை 2024 அக்டோபரில் ஓர் உடன்படிக்கைக்கு இணங்கியது. ஆண்டுக்கு 1.3 வீதச் சம்பள உயர்வே அதன் சாரம். அங்கத்தவர்களின் வாக்கெடுப்பு முடிவு 2025 ஜனவரி இறுதியில் வெளிவந்தது. ஆதரவு 26,304, எதிர்ப்பு 63,680. தம் தலைவர்கள் இணங்கியதை அவர்களே தூக்கியெறிந்தார்கள். பின்னர் நடுவர் வழங்கிய தீர்ப்பும் 1.3, 1.4, 1.5 வீதம் என்றே அமைந்தது. வாக்களித்ததால் பெரிய இலாபமில்லைதான். ஆயினும் தலைவர் தலையசைத்தால் தொழிலாளி சம்மதித்ததாக ஆகாது என்பது பதிவாயிற்று.

இனி நம் பக்கம் வருவோம். உப்பளத்தில் கூலி பேசுவது கங்காணியுடன். உப்பு அள்ளுவது வேறு ஆள். பேசிய தொகை அவன் காதுக்கு எட்டியதா என்று எத்தனை முதலாளிமார் கேட்கிறோம்? பெருநாளுக்கு முந்திய இரவுகளில் கடைப் பையன்கள் நள்ளிரவு தாண்டியும் நிற்கிறார்கள். அந்த நேரத்துக்கான கணக்கு பெரும்பாலும் முதலாளியின் மனதிலேயே இருக்கிறது. "பார்த்துச் செய்வோம்" என்பதே உடன்படிக்கை. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வாரத்துக்கு 45 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு 12 வீதம். இவை தெரியாதவரை விட, தெரிந்தும் தெரியாதவர் போல் இருப்பவரே நம்மில் அதிகம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு கட்டளையிடும் வசனம்தான் அல்குர்ஆனிலேயே மிக நீளமானது (ஸூரதுல் பகரா, 282). எழுதுபவர், சாட்சி வரை அதில் விபரமாக வருகிறது. எழுத வேண்டும் என்ற அந்த ஒழுக்கத்தைக் கடன் கொப்பியோடு நிறுத்திவிட்டோம். கூலிக் கொப்பிக்கும் அது பொருந்தாதா?

தபால்காரரின் வேலைநிறுத்தத்தால் ஒரு வாரம் கடிதம் தாமதித்ததற்கே நாம் முணுமுணுத்தோம். நம் கடைப் பையனுக்குச் சங்கமுமில்லை, வேலைநிறுத்தமுமில்லை. அவன் சொல்லாமல் வேறு கடைக்குப் போய்விடுவான். பழகிய வாடிக்கையாளரையும் கொண்டு போவான். வரும் நோன்புக்கு முன் ஒரு கொப்பி வாங்கி, வேலை நேரத்தையும் மேலதிக நேரக் கூலியையும் எழுதி, அவனுக்கு வாசித்துக் காட்டி, அவன் கையொப்பத்தையும் பெறுங்கள். செலவு சொற்பம், நிம்மதி இரு தரப்புக்கும்.