பயாலஜி படிக்க வீட்டை அடகு வைக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கசக்கும்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இப்போது மளிகைக் கடை வைத்திருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்கவில்லை. அதனால் இங்கிலாந்தில் பி.எஸ்சி. பயோமெடிக்கல் சயின்ஸ், மூன்று வருடம். வீட்டுப் பத்திரத்தை வைத்து 40 லட்சம் கடன்.

"அங்க போயிட்டா டாக்டர் படிப்புக்கு மாறிக்கலாம்னு ஏஜென்ட் சொல்றார் சார். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா தைரியமா கையெழுத்துப் போட்டுடுவேன்."

நான் சொல்லவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதினேன். "மாமா இன்னும் சாக்பீஸ் காலத்திலேயே இருக்கார்" என்று பதில் வந்தது. அதை எழுதிய மருமகனுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

பயோமெடிக்கல் சயின்ஸ் முடித்தவர் டாக்டர் அல்ல. பட்டதாரிகளுக்கான மருத்துவ இடங்கள் அங்கே உண்டுதான். ஆனால் போட்டி கடுமை, வெளிநாட்டவருக்குக் கட்டணமும் தனி. சரி, மருத்துவமனை லேபிலாவது சேரலாமே என்றால், பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் என்ற பெயரில் வேலை பார்க்க ஹெச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். வெறும் பட்டம் அதற்குப் போதாது, லேபில் பயிற்சி பெற்ற சான்றும் வேண்டும். படிப்பு முடிந்ததும் தங்கி வேலை தேட இதுவரை 2 ஆண்டு கொடுத்தார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். இதில் எதையாவது ஏஜென்ட் சொன்னாரா? சொல்ல மாட்டார். பிள்ளை போய்ச் சேர்ந்தால் அவருக்குக் கமிஷன்.

அமெரிக்காவில் 'பிரீ-மெட்' என்கிறார்களே, அங்கேயும் பல மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களை எடுப்பதே இல்லை.

40 லட்சத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் வட்டி மட்டும் மாதம் 33,000 ரூபாய். பருப்பும் புளியும் விற்று அதைக் கட்ட முடியுமா?

வெளிநாடே போகாதே என்று நான் சொல்லவில்லை. எப்போது போவது என்பதுதான் என் சண்டை. உயிரியலில் இளநிலைக்கு நாம் பணம் கட்ட வேண்டும். அதே அமெரிக்காவில் பிஎச்.டி.க்குப் போனால் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாத உதவித்தொகையும் அவர்களே தருகிறார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு 1971இல்தான் அமெரிக்கா போனார். பிஎச்.டி. வாங்கிய பிறகு மறுபடி மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தார். 2009இல் ரைபோசோம் ஆய்வுக்கு நோபல்.

இங்கே எங்கே படிப்பது? நியாயமான கேள்வி. நம் பல கல்லூரிகளில் பிராக்டிகல் என்பது ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதுதான். முப்பது வருடம் அந்த நோட்டுகளில் கையெழுத்துப் போட்டவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் இருக்கிறது. நாட்டில் மொத்தம் ஏழு. ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ்., ஆய்வுக்கென்றே உருவாக்கிய லேப்கள். நுழைவுத்தேர்வு உண்டு. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் நான்கு வருட ஆராய்ச்சிப் பட்டம். நீட்டுக்குப் படித்த பிள்ளைக்கு பயாலஜி ஏற்கெனவே கையில் இருக்கிறது, கணக்கைத்தான் தூசி தட்ட வேண்டும். நம் வீடுகளில் எத்தனை பேருக்கு ஐசர் என்ற பெயர் தெரியும்? அமெரிக்காவிலும் லண்டனிலும் எந்தப் பேட்டையில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் அத்துப்படி.

முழு உதவித்தொகை கிடைத்தால் போகட்டும். நானே பேருந்து ஏற்றிவிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு வேறொரு பையன் இதே படிப்புக்கு இதே மாதிரி கடன் வாங்கிப் போனான். பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தது நான். 'என் மாணவன் லண்டனில்' என்று இதே பக்கத்தில் படமும் போட்டேன், நீங்கள் இருநூறு பேர் வாழ்த்தினீர்கள். அவன் திரும்பி வந்து மருந்துக் கம்பெனியில் ரெப் ஆக இருக்கிறான். அப்பா இன்னும் தவணை கட்டுகிறார். தெருவில் என்னைப் பார்த்தால் இன்றும் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மளிகைக் கடைக்காரரையும் அந்தப் பெண்ணையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். ஐசரில் படித்தவர்கள், படிப்பவர்கள் இந்தப் பதிவைப் பார்த்தால் உங்கள் எண்ணை எனக்குத் தனியாக அனுப்புங்கள். அவள் என்னைவிட உங்களிடம் பேசுவது நல்லது.