மயிரிழையாம், மயிரிழை!

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன். எதிர் வீட்டு மாமா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "டேய், இங்க பாரு, ரெண்டும் இடிச்சுக்கப் போறது!" என்று கத்தினார். பார்த்தேன். ஒரு விமானம் மீனம்பாக்கத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகை உரசுகிற மாதிரி மேலே இன்னொன்று, வெள்ளைக் கோடு போட்டபடி. மாமா அதை மொபைலில் பிடித்து, "மயிரிழையில் தப்பிய விமானங்கள்! அபிராமபுரத்தில் பரபரப்பு!" என்று வாட்ஸப்பில் தட்டிவிட்டார். அபிராமபுரத்தில் பரபரப்பாக இருந்தது அவர் ஒருத்தர்தான்.

ராத்திரிக்குள் அது எங்கள் சொந்தக்காரர்கள் குரூப் வரை வந்துவிட்டது. பெண்ணின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் கிளம்ப இருந்த பெரியம்மா போன் பண்ணி, "டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினா எவ்வளவுடா பிடிப்பான்?" என்று கேட்டாள். அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

நான் பி.காம். படிக்கிறவன். விமானம் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். இதற்குத் தேவை பைலட் லைசென்ஸ் இல்லை மக்களே, கூட்டல் கழித்தல்தான். மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து, அடையாறு ஆற்றை ஒட்டி இறங்கும். நம்ம ஏரியாவைத் தாண்டும்போது உயரம் சுமார் 1,400 அடி. வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போவது 35,000 அடி வாக்கில் இருக்கும். நடுவில் 10 கிலோமீட்டர் இடைவெளி! அபிராமபுரத்திலிருந்து ஏர்போர்ட் போகிற தூரத்தை அப்படியே நிமிர்த்தி வைத்த மாதிரி. அதைத்தான் மாமா மயிரிழை என்கிறார்.

மாமா கண்ணால் பார்த்தாரே? பார்த்தார். ஆனால் வானத்தில் தூரத்தை அளக்க நம் கண்ணுக்குத் துணை கிடையாது. தெருவில் மரம், கம்பம், ஆள் என்று ஒப்பிட ஏதாவது இருக்கும். மேலே ஒன்றுமில்லை. விமானத்தின் நிஜ அளவு தெரிந்தால் தூரத்தைச் சொல்லலாம், அதுவும் தெரியாது. ஏ320-யின் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 36 மீட்டர். ஏ380-க்கு 80 மீட்டர். பக்கத்தில் இருக்கிற சின்னதும் தூரத்தில் இருக்கிற பெரிசும் கண்ணுக்கு ஒன்றுதான்.

சரி, விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்தவர்கள்? அவர்களும் நிஜமாகவே பயந்துதான் போகிறார்கள். 29,000 அடிக்கு மேல் இரண்டு விமானங்களுக்கு நடுவே 2,000 அடி இடைவெளி இருக்க வேண்டும் என்பது பழைய விதி. உயரமானிகள் துல்லியமானதும் அது 1,000 அடியாகக் குறைந்தது. இந்திய வானத்தில் 2003 நவம்பரில் அமலுக்கு வந்தது. ஆயிரம் அடி என்பது மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தை ஐந்தரை தடவை அடுக்கிய உயரம். உயரத்தில் இவ்வளவு இருந்தால், பக்கவாட்டில் இடைவெளியே வேண்டியதில்லை. நேர் மேலேயே போகலாம். எதிரே வருகிற 74 மீட்டர் நீள போயிங் 777 அவ்வளவு தூரத்தில் கடந்தால், நீட்டிய கையின் உள்ளங்கையை விடப் பெரிதாகத் தெரியும். இரண்டின் வேகமும் சேர்ந்து மணிக்கு 1,800 கிலோமீட்டர். சர்ரென்று ஒரு நொடியில் ஓடி மறையும். வயிற்றைக் கலக்கும்தான். ஆனால் அங்கே எந்த விதியும் மீறப்படவில்லை.

என் கோபம் மாமா மேல் கூட இல்லை. இதே வீடியோவை வாங்கி, சிவப்பு வட்டம் போட்டு, "திக் திக் நிமிடங்கள்" என்று நாலு தடவை ஓட்டுகிற நியூஸ் சேனல்கள் மேல்தான். ஏனென்றால் நிஜமான ஆபத்து இந்த மாதிரி தெரியவே தெரியாது.

மோதப் போகிற விமானம் உங்கள் பார்வையில் குறுக்கே ஓடாது. கண்ணாடியில் ஒட்டின புள்ளி மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். அந்த வேகத்தில், மோதுவதற்கு 10 நொடி முன்னால் அது 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஒரு பெரிய விமானம் அப்போது நிலாவை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கையை நீட்டினால் சுண்டுவிரல் மறைத்துவிடும்.

1996 நவம்பர் 12, ஹரியானாவில் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதி ஜம்போவுக்கு 14,000 அடி, இறங்க வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்று உத்தரவு. கஜக் விமானம் அதற்கும் கீழே இறங்கியது. அன்று டெல்லி கட்டுப்பாட்டாளரின் ரேடார் இடத்தைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. எதிரே ஜம்போ வருகிறது, கண்ணில் பட்டதும் சொல்லுங்கள் என்று எச்சரித்தும் இருந்தார். கண்ணை நம்பிப் பயனில்லை. 349 பேர் போனார்கள், ஒருத்தர் கூடப் பிழைக்கவில்லை. அதற்கப்புறம்தான் வருவதற்கும் போவதற்கும் தனித்தனிப் பாதை வந்தது. விமானங்கள் ஒன்றோடொன்று பேசி, ஒன்றை ஏறு, இன்னொன்றை இறங்கு என்று சொல்லும் டீகாஸ் கருவியும் இங்கே கட்டாயமானது.

"அப்போ கண்ணால் பார்த்த எல்லாமே பொய்யா?" இல்லை. 2024 ஜூன் 8-ம் தேதி மும்பையில் ஒரே ஓடுபாதையில் ஒன்று கிளம்பிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இன்னொன்று இறங்கியது. அந்த வீடியோ உண்மை, கோபமும் நியாயம். ஏனென்றால் கீழே தரை இருக்கிறது, இரண்டும் ஒரே தரையில் இருப்பது தெரிகிறது.

ஆனால் 2022 ஜனவரி 7 பெங்களூரு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? ஒரே ஓடுபாதையை மட்டும் பயன்படுத்துவது என்று எடுத்த முடிவு இன்னொரு கட்டுப்பாட்டாளருக்குப் போய்ச் சேரவில்லை. இணையான ஓடுபாதைகளிலிருந்து இரண்டு விமானங்கள் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒன்றை நோக்கி ஒன்று போயின. ரேடார் பார்த்தவர் சுதாரித்து, திசை மாற்றச் சொல்லிக் காப்பாற்றினார். இரண்டிலும் சேர்த்து 400 பேருக்கு மேல். இதற்கு வீடியோ இல்லை. வீடியோவை விடுங்கள், சம்பவம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்று டி.ஜி.சி.ஏ. அதிகாரிகளே சொன்னதாகச் செய்தி வந்தது.

ஆடிட்டிங் பேப்பரில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதுதான். தப்பாக எழுதின கணக்கைக் கண்டுபிடித்துவிடலாம். எழுதாமலே விட்ட கணக்குதான் கம்பெனியைச் சாய்க்கும். டி.வி.க்காரர்கள் சிவப்பு வட்டம் போட வேண்டிய இடம் அந்தக் காலியான பக்கம். டீகாஸ் கத்தியதா, பதிவு செய்தார்களா, விசாரணை அறிக்கை வந்ததா, கட்டுப்பாட்டாளர் எத்தனை மணி நேரமாக டியூட்டியில் இருந்தார் என்று ஒருத்தராவது கேட்கட்டும். பொய்யான மயிரிழைக்குத் தினமும் பயந்து பயந்து, நிஜமானது வரும்போது நமக்குச் சலித்துப் போயிருக்கும்.

பெரியம்மாவுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. மாடிக்குக் கூட்டிப் போய் அடுத்து இறங்கின விமானத்தைக் காட்டி, பத்து கிலோமீட்டர் கணக்கை மட்டும் சொன்னேன். "அப்படியாடா?" என்றாள். வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள். ஜன்னல் சீட்தான் போட்டிருக்கிறேன் :-)